விமான நிலையத்து விருந்தாளி

பெரிய விமான நிலையங்களிலே, பிரயாணிகள் நெருங்கியமர்ந்து காத்திருக்கும் பொதுக் கூடத்திற்குச் சற்று அப்பால் ஒரு கதவு உண்டு. கதவருகே ஒரு மேசை; மேசைக்குப் பின்னால் ஓர் ஊழியர். வருபவர் நீட்டும் சீட்டை அவர் வாங்கிப் பார்க்கிறார். தகுதி இருந்தாற் கதவு திறக்கிறது. இல்லையேல் வந்தவர் புன்முறுவலோடு திருப்பி அனுப்பப்படுகிறார். உள்ளே மெத்தையிட்ட நாற்காலிகள், சூடான உணவு, தேநீர், பத்திரிகைகள், குளிப்பதற்கு அறை. எல்லாவற்றுக்கும் மேலாக அமைதி. வெளியே கூட்டமும் இரைச்சலும். இரண்டையும் பிரிப்பது ஒரு சுவர் மட்டுமே.

வணிக வகுப்பிற் செல்வோர்க்கு அந்தக் கதவு சீட்டின் விலையோடு சேர்ந்தே திறக்கிறது. ஆனால், சாதாரண வகுப்புச் சீட்டோடு வரும் சிலருக்கும் அது திறப்பதைக் காணலாம். அவர்கள் ஒரே கம்பனியின் விமானங்களில் அடிக்கடி பறப்பவர்கள். இந்த விருந்தாளி எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகிறார்? அவருடைய விருந்துக்குச் செலவு செய்பவர் யார்? இவ்விரு வினாக்களும் நேயர்களின் சிந்தனைக்குரியன.

இத்தகைய கூடங்களுள் முதலாவதாகக் கருதப்படுவது, 1939ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப். அக்காலத்தில் அந்தக் கம்பனி தன் விமானங்களைக் கொடிக்கப்பல்கள் என்று அழைத்தது. கொடிக்கப்பலுக்குக் கடற்படைத் தளபதி வேண்டுமல்லவா? கம்பனியின் தலைவராயிருந்த சி. ஆர். ஸ்மித், தமக்கு வேண்டிய வாடிக்கையாளருக்கு அட்மிரல் என்னும் கௌரவப் பட்டத்தை வழங்கினார். பட்டம் பெற்றவருக்கே கூடம் திறந்தது. அன்று கதவருகிற் கேட்கப்பட்ட கேள்வி, ‘நீர் யார்?’ என்பதே. சந்தா செலுத்தி உறுப்பினராகும் வழி பிற்காலத்திலேதான் வந்தது.

வழிப்போக்கருக்கு மடம் கட்டிய சமுதாயத்திலே பிறந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றக்கூடும். மடத்துத் திண்ணையில் அமர்வதற்குக் களைப்பு ஒன்றே தகுதி. விமான நிலையக் கூடத்திலோ களைப்புக்கு மதிப்பில்லை. முப்பது ஆண்டுகளில் ஒரே தடவையாக, பேரக் குழந்தையைப் பார்க்கப் புறப்பட்ட மூதாட்டி வெளியே காத்திருக்கிறார். வாரந்தோறும் பறக்கும் வியாபாரப் பிரதிநிதி உள்ளே இளைப்பாறுகிறார். இதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. கம்பனி நடத்துவது வியாபாரம்; தருமமன்று. ஆயினும் அந்த வியாபாரத்தின் கணக்கு எத்தகையது என்பதை அறிதல் நன்று.

அமெரிக்காவிலே 1978ஆம் ஆண்டு வரை உள்நாட்டு விமானக் கட்டணங்களை அரசாங்கச் சபையொன்று கட்டுப்படுத்தி வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் நிறைவேறிய சட்டம் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கட்டணப் போட்டி மூண்டது. எவர் குறைந்த விலைக்குச் சீட்டு விற்கிறாரோ அவரிடம் பிரயாணி போய்விடுவான் என்ற அச்சம் கம்பனிகளைப் பிடித்தது. அவனைத் தம்மோடு கட்டிவைப்பதற்கு ஒரு கயிறு வேண்டியதாயிற்று. அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தக் கயிற்றைத் திரித்தது. சீட்டுப் பதிவுகளைக் கொண்ட கணிப்பொறியிலே திரும்பத் திரும்பத் தோன்றிய தொலைபேசி எண்களைத் தேடி, அடிக்கடி பறப்போர் யாரென்று கண்டது. பறக்கும் ஒவ்வொரு மைலையும் அவர்கள் பேரிற் கணக்கு வைத்தது. மைல்கள் சேர்ந்தால் இலவசச் சீட்டு. யுனைட்டட் எயார்லைன்சும் அதே மாதத்தில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் இது உலகெங்கும் பரவிற்று; பறத்தலின் அளவுக்கேற்ப வெள்ளி, தங்கம் எனப் படிகளும் வகுக்கப்பட்டன. உயர்ந்த படியை அடைந்தவருக்கு ஓய்வுக்கூடமும் திறந்தது. கதவருகே கேள்வி, ‘எவ்வளவு தூரம் பறந்தீர்?’ என்று மாறியது.

கம்பனிகள் பல ஒன்றுகூடிக் கூட்டணி அமைத்ததும், ஒருவரிடம் பெற்ற தகுதி மற்றவரிடமும் செல்லுபடியாயிற்று. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி வன்வேர்ல்ட் கூட்டணியிற் சேர்ந்தது. எங்கோ ஒரு நாட்டிற் சேர்த்த தகுதி கட்டுநாயக்காவிலும் ஒரு கதவைத் திறப்பது இவ்வாறே.

இனி, இந்த மைல்கள் யாருடைய பணத்திற் சேர்கின்றன? அடிக்கடி பறப்பவருட் பெரும்பாலோர் அலுவலுக்காகப் பறப்பவர்கள். சீட்டுக்குப் பணங் கொடுப்பவர் முதலாளி. மைலையும் விருந்தையும் பெறுபவர் ஊழியர். ஆகவே, குறைந்த கட்டணத்தைத் தேடுவதைவிடத் தம் மைல் கணக்கு வளரும் விமானத்தைத் தேடும் ஆசை ஊழியருக்கு எளிதில் உண்டாகும். ஜேர்மனியில் 2002ஆம் ஆண்டு இது பெரும் பிரச்சினையாயிற்று. பாராளுமன்ற அலுவலுக்காகப் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பிரயாணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில், பேர்லின் மாநிலத்தின் பொருளாதாரத்துறைக்குப் பொறுப்பாயிருந்த கிரெகோர் கீசி பதவி துறந்தார். அமெரிக்காவிலோ, 2001ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், அரசாங்க ஊழியர் அத்தகைய மைல்களைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு நாட்டிற் பதவியைப் பறித்த செயல் மற்றொரு நாட்டிலே உரிமையாயிற்று. சிறு பரிசு என்று எண்ணப்படும் பொருள் எவ்வளவு நுட்பமான நியாயப் பிரச்சினையை உள்ளடக்கியிருக்கிறது!

கயிறு ஒருவனைக் கட்டும்போது அவன் நடையையும் மாற்றிவிடுகிறது. ஆண்டு முடிவு நெருங்கும். அடுத்த படிக்கு இன்னும் சில ஆயிரம் மைல்கள் குறைவாயிருக்கும். உடனே அலுவல் எதுவுமின்றி ஓர் ஊருக்குப் பறந்து, அடுத்த விமானத்திலேயே திரும்புவோர் இருக்கின்றனர். காத்திருக்கும் களைப்பை ஆற்றுவதற்கென அமைந்த கூடம், களைப்பை விலைக்கு வாங்கச் செய்கிறது.

விருந்தளிக்கும் கம்பனிக்கோ இதனால் நட்டமில்லை. வங்கிகள் தம் கடனட்டைக்காரருக்குக் கொடுப்பதற்காக மைல்களைக் கம்பனிகளிடமிருந்து விலைக்கு வாங்குகின்றன. பெருந்தொற்றினால் விமானங்கள் தரையிறங்கி நின்ற 2020ஆம் ஆண்டிலே, யுனைட்டட் எயார்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே ஈடாக வைத்து 680 கோடி டொலர் திரட்டியது. பறக்காத விமானத்தைக் காட்டிலும், பிரயாணியின் பற்று நல்ல ஈடாயிருந்தது!

கடனட்டை வழியாகவும் உள்ளே வரலாம் என்றானபின் ஓய்வுக்கூடங்களிலும் நெரிசல் வந்தது. டெல்டா எயார்லைன்ஸ் 2015ஆம் ஆண்டிலே, தூரத்தை விட்டுச் செலவழித்த டொலரைக் கொண்டு மைல் வழங்கத் தொடங்கியிருந்தது. கதவருகே கேள்வி, ‘எவ்வளவு செலவிட்டீர்?’ என்று இரண்டாம் முறையாக மாறிவிட்டது. 2022ஆம் ஆண்டில் அக்கம்பனி, புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னர் வருவோரை உள்ளே விடுவதில்லை என்று விதித்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதல், அட்டை காட்டி வருவோரின் வருகைக்கும் ஆண்டெல்லை வகுத்தது. பெருந்தொகை செலவிடுவோருக்கு மட்டும் விலக்கு. இதற்கிடையில், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்தில் மேலும் உயர்ந்த வகுப்பினருக்கெனத் தனிக் கூடமொன்றைத் திறந்தது. கதவுக்குள்ளே இன்னொரு கதவு தோன்றிவிட்டது.

பிரித்தானியப் பொருளியலாளர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976ஆம் ஆண்டு எழுதிய நூலொன்றில் இதன் தத்துவத்தை விளக்கினார். சில நன்மைகள் பிறரிடம் இல்லாதவரையிலேதான் நன்மைகள். எல்லாரும் அடைந்தவுடன் அவற்றின் பயன் குன்றிவிடும். ஓய்வுக்கூடத்தின் தனிமை அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால், சாய்ந்திருக்க ஓர் ஆசனமும், சுத்தமான தண்ணீரும், இரைச்சலற்ற ஒரு மூலையும் அவ்வகையைச் சேர்ந்தனவல்ல. ஒருவர் இளைப்பாறுவதால் மற்றவரின் இளைப்பாறல் குறைவதில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலே, சாய்வு நாற்காலிகளும், சினிமா மண்டபமும், வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் வகுப்பு வேறுபாடின்றிப் பிரயாணிகளுக்கு இலவசமாகவே உள்ளன. அங்கேயும் தனிக் கூடங்கள் இருக்கின்றன. ஆயினும் வெளியே இருப்பவர் விருந்தாளி என்னும் நிலையை இழந்துவிடுவதில்லை.

அடிக்கடி பறப்பவர், கூடத்தின் வசதியை அனுபவிப்பதிற் குறையொன்றுமில்லை. அடுத்த சீட்டை வாங்குமுன், போகவேண்டிய காரியம் உண்டா, அல்லது கணக்கு நிரம்பவேண்டும் என்பதுதான் காரியமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது அவருக்கு நன்மை தரும். விமான நிலையம் அமைப்போர் எண்ணவேண்டியது வேறு: பொதுக் கூடத்திலே நல்ல ஆசனங்கள் எத்தனை போடப்பட்டிருக்கின்றன என்பதே அது.