ஊர் சிரிக்க ஒரு கட்டியக்காரன்

நன்றாக வேடிக்கை பேசுகிற ஆள் கிடைத்துவிட்டால், 'விழுந்து விழுந்து சிரிச்சோம், வயிறே புண்ணாப் போச்சு' என்கிறோம். குடும்பத்தில் ஏதாவது மானக்கேடு நேர்ந்தாலோ, 'ஊரே சிரிக்குது, நம்ம பொழப்பு சிரிப்பாச் சிரிக்குது' என்று தலையில் கை வைக்கிறோம். இந்த இரண்டு சிரிப்பையும் ஒரே ராத்திரியில் பார்க்க வேண்டுமானால், சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது தெருக்கூத்துக்குப் போய் உட்கார வேண்டும்.

பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் களை கட்டியதும் முதலில் வருபவன் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன். திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையுமாகத் துரியோதனன் நிற்பான். 'மாதம் மும்மாரி பொழிகிறதா?' என்று அந்த ராஜா கம்பீரமாகக் கேட்பான். 'மும்மாரியா? ஏரியில மாடு மேயுது ராசா! கரும்பு வெட்ட ஆளு வரல, மரவள்ளிக்கு வெல கெடைக்கல' என்று கட்டியக்காரன் நம்ம ஊர்ப் பேச்சில் அடுக்குவான். சனம் கைதட்டும். நேரில் அதிகாரியிடம் சொல்லத் தயங்குகிற குறையை ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறானே!

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் அது பிறக்கும் என்கிறது. கட்டியக்காரன் ராஜாவை எள்ளுவான். தனக்கு ஒன்றும் தெரியாதவன்போல நின்று பேதைமையும் காட்டுவான்.

பாரதக் கதையில் பகை முற்றுவதும் ஒரு சிரிப்பால்தான். மய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீர் என்று தெரியாமல் காலை வைத்து விழ, திரௌபதி சிரித்தாள் என்றே நம் கூத்து சொல்கிறது. அந்த அவமானம் அவன் நெஞ்சில் தைக்கிறது. அதற்குப் பழிதீர்க்க, சபை நடுவே அவளை இழுத்து வந்து நிறுத்திச் சிரிக்கிறார்கள்.

துகில் உரியும் கட்டம் வந்ததும் பல கூத்துக் குழுக்களில், அதாவது ஜமாக்களில், கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேடம் கட்டியவர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சேலையைத் தொடுவார். அதுவரை ஊரைக் குலுங்க வைத்த நல்ல கட்டியக்காரன் அங்கே கேலியை நிறுத்திக்கொள்வான். எங்கே சிரிக்க வைக்கலாம், எங்கே கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆளுகிறவனைக் கேலி செய்யலாம். அழுகிறவளைக் கேலி செய்யக்கூடாது. நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஊரில் கூத்து வைத்தால் பாதி ராத்திரியில் எழுந்து போய்விடாதீர்கள். பிள்ளைகளை முன்னால் உட்கார வையுங்கள். விடிய விடிய ஆடுகிற ஜமாவுக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.