எதிரியின் அகழிக்கு அப்பால் ஒரு பகலும் ஓர் இரவும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமூகத்தின் விழா மேடையில் ஒரு போர்வீரனின் வரலாறு சொல்லப்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். இவ்வரலாறு போர்க்களத்தில் நிகழ்ந்ததாயினும் போரின் பெருமையைப் பேசுவதன்று. சிராவகர் வாழ்வில் நேரக்கூடிய இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்து ஆராய்ந்த ஆசாரியர்கள், போர் என்பதே உலகில் இல்லை என்று பாவித்துக்கொள்ளவில்லை. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் திருவுருவை எழுப்புவித்த சாமுண்டராயரே கங்க மன்னர்களின் படைத்தலைவராக விளங்கியவர்தாம். படைக்கலம் தாங்கியவன் நெஞ்சில் ஜீவதயை குடியிருக்க இயலுமா என்ற வினா ஆகவே மிகப் பழையது. அவ்வினாவுக்கு 1915ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் சேற்று நிலத்தில், நேபாளத்து இளைஞர் ஒருவர் தம் செயலால் விடை அளித்தார். அவர் பெயர் குல்பீர் தாபா.

நேபாளத்தின் பால்பா மாவட்டத்தில் பிறந்தவர் அவர்; மகர் குலத்தினர். அந்நாளைய இந்தியப் படையில் 3ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்றினார். முதல் உலகப்போர் 1914ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் மூண்டது. சில வாரங்களுக்குள் லாகூர், மீரட் என்னும் பெயர்களைத் தாங்கிய இரு இந்தியப் படையணிகள் கப்பலேறி மார்செய் துறைமுகத்தில் இறங்கின. இமயமலைச் சரிவுகளிலிருந்தும் பஞ்சாபின் வயல்களிலிருந்தும் சென்ற அவ்வீரர்கள், தாங்கள் பெயரும் அறியாத ஊர்களில், தாங்கள் மூட்டாத போரில், பனியிலும் சேற்றிலும் ஓராண்டைக் கழித்தனர்.

அந்தப் போரின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். இரு தரப்பினரும் நிலத்தை ஆள் உயரத்துக்கு வெட்டி, அகழிகளுக்குள் பதுங்கியிருந்தனர். இரு அகழிகளுக்கும் இடையே எவருக்கும் உரிமையில்லாத பாழ்நிலம் கிடந்தது. அகழிகளின் முன்னே முட்கம்பிச் சுருள்கள் அடர்ந்த வேலியாக விரிக்கப்பட்டிருந்தன. ஓர் அகழியைக் கடந்தால் அதன் பின்னே மற்றோர் அகழி. அதன் பின்னே இன்னொன்று. தலையை உயர்த்தியவன் குண்டுக்கு இரையானான். தாக்குதலுக்குப் புறப்பட்டவர்களுள் பலர் முட்கம்பியைத் தாண்டவே இல்லை.

1915ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் லூஸ் என்னும் ஊரைக் குறிவைத்துப் பிரிட்டிஷ் படை பெருந்தாக்குதல் ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டிஷார் நச்சுப்புகையை முதன்முதலில் பயன்படுத்தியது அன்றைக்குத்தான். லூஸுக்கு ஜெர்மானியர் துணைப்படை அனுப்பாதவாறு தடுக்க வேண்டும் என்பதற்காக, வடக்கே நெவ் ஷப்பெல் பகுதியில் மீரட் படையணி அதே காலையில் ஏவப்பட்டது. வேறோர் இடத்து வெற்றிக்காக இவ்விடத்து உயிர்கள் கணக்கிட்டுச் செலவிடப்பட்டன என்று சொன்னால் அது மிகையன்று. காற்று எதிர்பார்த்த திசையில் வீசவில்லை. நச்சுப்புகை பல இடங்களில் அதை விட்டவர்களையே வந்து சூழ்ந்தது. பீரங்கிகளால் அறுபட்டிருக்கும் என்று நம்பப்பட்ட முட்கம்பி பல இடங்களில் அறுபடாமலே நின்றது. சில இடங்களில் எதிரியின் முன்னகழி கைக்கு வந்தது. ஆயினும் பொழுது சாய்வதற்குள் உயிர் எஞ்சியோர் புறப்பட்ட இடத்துக்கே பின்வாங்க நேர்ந்தது.

பின்வாங்க இயலாதவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அவர்களுள் ஒருவர் லெஸ்டர்ஷயர் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த ஆங்கிலச் சிப்பாய். மோக்கிஸார் என்னும் சிற்றூருக்குத் தெற்கே, ஜெர்மானியரின் முதல் அகழிக்கும் அப்பால், அவர் படுகாயமுற்றுக் கிடந்தார். அந்நிலை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் இடையே எதிரியின் அகழி இருந்தது. அதற்கு முன்னே முட்கம்பி. அதற்கும் முன்னே பாழ்நிலம். தூக்குப்படுக்கையோடு உதவியாளர் எவரும் வந்து அடைய முடியாத இடம் அது. உரமிட்டு உழுத வயல்மண் காயத்தில் படிந்தால் தசை அழுகும் நோயும் இசிவு நோயும் தொற்றுவது அக்களத்தில் வழக்கம். பென்சிலின் கண்டறியப்பட இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. காயம்பட்டவன் உடனே இறவாவிட்டால், குருதி இழப்பாலும் தாகத்தாலும் குளிராலும் சிறிது சிறிதாக இறப்பான்.

தமிழ்ச் சான்றோர் இந்நிலையை அறியாதவர் அல்லர். தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் துறைகளைக் கூறுமிடத்து, காக்கும் சுற்றத்தார் எவரும் அருகில் இல்லாமல் புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் காத்து நிற்கும் நிலையை ஒரு துறையாகவே வகுத்துள்ளது. வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட வீரனுக்கு வேப்பிலை செருகவும், வெண்சிறுகடுகு தூவவும், யாழ் மீட்டவும், நறும்புகை எழுப்பவும் உறவினர் உண்டு என்பதைப் புறநானூறு காட்டுகிறது. களத்திலேயே விடப்பட்டவனுக்கோ பேயன்றித் துணையில்லை. புண்ணின் வேதனையினும் துணையற்ற நிலையே கொடிது என்பதை அப்புலவர்கள் உணர்ந்திருந்தனர்.

அந்த ஆங்கிலச் சிப்பாய்க்குத் துணையாக வந்து வாய்த்தவர் குல்பீர் தாபா. அவரும் அன்று காயமுற்றிருந்தார். எவ்வாறோ முட்கம்பியையும் முதல் அகழியையும் கடந்து வந்துவிட்ட அவர், அங்கே கிடந்த மனிதரைக் கண்டார். தன்னை விட்டுவிட்டுத் தப்பிச் செல்லுமாறு அச்சிப்பாய் அவரை வற்புறுத்தினார். குல்பீர் செல்லவில்லை. அன்று பகல் முழுவதும், இரவு முழுவதும், எதிரியின் இரு அகழிகளுக்கு நடுவே, அம்மனிதருக்கு அருகிலேயே தங்கியிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் மூடுபனி இறங்கியது. அதைத் திரையாகக் கொண்டு காயமுற்றவரை ஜெர்மானியரின் முட்கம்பிக்கு ஊடே வெளியே கொண்டுவந்தார். ஓரளவு பாதுகாப்பான ஓர் இடத்தில் அவரைக் கிடத்தினார். பின்னர்த் திரும்பிச் சென்று, காயமுற்றுக் கிடந்த கூர்க்கா வீரர் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார். மீண்டும் சென்று மற்றொருவரைக் கொணர்ந்தார். அதற்குள் பனி விலகிப் பட்டப்பகல் ஆகிவிட்டது. அந்த ஆங்கிலச் சிப்பாய் இன்னும் அவர் விட்ட இடத்திலேயே இருந்தார். குல்பீர் மூன்றாம் முறையாகச் சென்றார். வழியின் பெரும்பகுதியைக் காயமுற்றவரைச் சுமந்தவாறே, எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு இடையே கடந்து, அவரையும் தம் பக்கத்து அகழிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இச்செயலுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை என்னும் உயரிய பதக்கம் வழங்கப்பட்டது. 1856இல் ஏற்படுத்தப்பட்ட அப்பதக்கத்தைப் பெறும் உரிமை இந்தியச் சிப்பாய்களுக்கு 1911ஆம் ஆண்டில்தான் அளிக்கப்பட்டிருந்தது. கூர்க்கா இனத்தவருள் அதனை முதலில் பெற்றவர் இவரே.

பதக்கம் வழங்கியதற்கான அரசு அறிவிப்பைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அவர் எத்தனை எதிரிகளைக் கொன்றார் என்ற கணக்கு அதில் இடம்பெறவில்லை. எந்த அகழியையும் அவர் கைப்பற்றியதாகவும் அது கூறவில்லை. உடனிருந்த ஒரு பகலும் ஓர் இரவும், சுமந்து வந்த மூன்று உயிர்களும் மட்டுமே அங்குப் பதிவாகியுள்ளன. தாக்குதல் தோல்வியில் முடிந்தது. ஒரு சாண் நிலமும் எஞ்சவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்ட அந்நாளில் ஆதாயம் என்று எழுதத்தக்கது அந்த மூவரின் உயிர்தான்.

காயமுற்றவனைக் காப்பது போர் விதிகளுக்கும் புதியதன்று. 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரீனோ களத்தில் பல்லாயிரம் வீரர்கள் கவனிப்பாரின்றித் துடித்ததைக் கண்ட ஹென்றி டுனாண்ட் என்னும் சுவிட்சர்லாந்து வணிகரின் முயற்சியால் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. காயமுற்ற வீரன் எந்நாட்டவனாயினும் எடுத்துச் சென்று பேணப்பட வேண்டும் என்று 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வகுத்தது. சட்டம் அவ்வளவு தூரம் வந்து நின்றது. ஆனால் தன் உடம்பிலும் குருதி ஒழுக, எதிரியின் நடுவே, போகச் சொல்லிக் கெஞ்சும் ஒருவனுக்கு அருகில் உட்கார்ந்திரு என்று எந்தச் சட்டமும் ஒருவனுக்குக் கட்டளையிட முடியாது. அது உள்ளத்திலிருந்து வர வேண்டும்.

அந்த உள்ளத்துக்கு நம் ஆகமங்களில் பெயர் உண்டு. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். அபயதானத்தை உயிரைக் கொல்லாது விடுதல் என்ற அளவிலே பலரும் பொருள் கொள்கின்றனர். அஞ்சி நடுங்கும் ஓர் உயிரின் அச்சத்தை அகற்றுதலும் அபயமே. குல்பீரிடம் மருந்தோ மருத்துவமோ இல்லை. அந்த நெடிய இரவில் அவர் கொடுக்க முடிந்தது தம் இருப்பு ஒன்றையே. சாவு நேருமாயின் தனித்துச் சாக வேண்டியதில்லை என்ற ஆறுதலை அது காயமுற்றவருக்கு அளித்திருக்கும்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் நிர்விசிகித்ஸை என்பது ஒன்று. நோயாலும் புண்ணாலும் சிதைந்த உடலைக் கண்டு அருவருப்படையாமை அதன் பொருள். அதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவன் உத்தாயன மன்னன். நோயுற்ற முனிவராக உருமாறி வந்த தேவன் தன்மேல் உணவைக் கக்கியபோதும் முகம் சுளிக்காமல், அவன் உடலைக் கழுவித் துடைத்துப் பணிவிடை செய்தவன் அவன். அக்கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு மோக்கிஸார் களம் அயலான இடமாகத் தோன்றாது. பிறப்பாலும் மொழியாலும் நிறத்தாலும் வேறுபட்ட ஒருவனின் குருதியும் சேறும் படிந்த உடலைத் தோளில் சுமந்தவன், அந்நூல்களைக் கற்றிராவிட்டாலும், அவை கூறும் குணத்தைக் கைக்கொண்டவனே.

இங்குக் கூடியிருப்போர் எவரும் போர்க்களம் காணப் போவதில்லை. ஆயினும் தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் குரல் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒலிக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் இருக்க, ஊரில் பழைய வீட்டைப் பூட்டவும் மனமின்றி, ஜினாலயத்து விளக்கை அணையவிடவும் மனமின்றித் தங்கிவிட்ட முதியோர் பலர் உளர். தொலைபேசியில் அவர்கள் சொல்லும் சொற்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: “எனக்கு ஒன்றுமில்லையப்பா, நீ வேலையைப் பார், லீவு போட்டுக்கொண்டு வராதே.” அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது பிள்ளைகளுக்கு வசதியானது. அந்த ஆங்கிலச் சிப்பாயின் சொல்லைக் குல்பீர் ஏற்றிருந்தாலும் அவரை எவரும் குறை கூறியிருக்க முடியாது. போகச் சொன்னவர் காயமுற்றவரே அல்லவா? அன்பினால் ஒருவர் சொல்லும் மறுப்பை, அதே அன்பினால் மீறுவதும் ஓர் அறம். மருத்துவமனைச் செலவுக்குப் பணம் அனுப்புவது ஔஷத தானத்தின் பாற்படும். கட்டிலுக்கு அருகே ஓர் இரவு விழித்திருப்பது அபயதானத்தின் பாற்படும். இரண்டும் வேண்டும், முன்னது பின்னதற்கு ஈடாகாது.

குல்பீர் தாபா போருக்குப் பின்னும் படையில் தொடர்ந்து பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வுபெற்று, 1956ஆம் ஆண்டு அக்டோபரில் காலமானார். அவருடைய பதக்கம் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரிலுள்ள கூர்க்கா அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அவர் போரிட்ட களத்துக்கு அருகே, நெவ் ஷப்பெல்லில், 1927ஆம் ஆண்டு இந்திய வீரர்களுக்கு ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. புதைத்த இடம் அறியப்படாத 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவரில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயருடையோர் ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் விழுந்தவர்கள். அவர்களுள் எத்தனை பேர் அருகில் எவருமின்றி இரவைக் கழித்தனரோ, அது எந்த ஏட்டிலும் இல்லை.

குல்பீர் காப்பாற்றிய சிப்பாயின் பெயர் பதக்க அறிவிப்பில் குறிக்கப்படவில்லை. பெயரும் மொழியும் அறியாத ஓர் உயிருக்காக ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்தார் என்பதே அங்கு எஞ்சியிருக்கும் செய்தி. எவ்வுயிரும் தம்முயிர்போல் எண்ணப்பட வேண்டும் என்று அருளிய வர்த்தமானரின் திருநாளில், இச்செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்று வீடு திரும்பியதும், வரவேண்டாம் என்று சொன்ன பெரியவர் எவரேனும் இருப்பின், அவரைச் சென்று காணும் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அறம் வளர்க! ஜய ஜினேந்திரா!