வீட்டுக்கு ஓர் எழுத்துப் பயிற்சி நூல்



பொத்துவிலில் எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் நான்காந் தரத்திற் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய கையெழுத்து அச்சிட்டாற்போல் இருக்கும். எழுத்துப் பயிற்சிப் புத்தகங்கள் மூன்றினை அவள் வீட்டிலிருந்தே செய்து முடித்தவள். ஒருநாள் அவளுடைய உம்மா தாளொன்றைக் கொடுத்து, "வெளிநாட்டில இருக்கிற வாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது மகள்" என்றார். "அன்புள்ள வாப்பாவுக்கு" என்று எழுதிய பிள்ளை, அதன் பின் அரைமணி நேரம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வீற்றிருந்தாள். "மறுகா என்னத்த எழுத, உம்மா?" என்று கேட்டாளாம்.

தொலைபேசியில் வாப்பாவோடு ஓயாமற் பேசுகின்றவள் அவள். ஆகவே, சொல்லச் செய்தி இல்லாமலில்லை; மனத்திலுள்ளதை வாக்கியமாக்கும் பழக்கமே இல்லை. மூன்று புத்தகங்களிலும் அவள் செய்தவை, புள்ளிகளை இணைத்தலும், கீறிட்ட இடங்களை நிரப்புதலும், பார்த்தெழுதுதலுமே.

நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமென 2016 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. ஆதலால் வீட்டுக் கல்வி பாடசாலைக்குத் துணையே ஒழிய அதற்கு ஈடாகாது. எனினும், 2020 மார்ச் மாதத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022 இல் எரிபொருளின்றி அவை மீண்டும் தடைப்பட்டபோதும், வீடே பள்ளிக்கூடமாயிற்று. வீட்டில் எழுத்துக் கற்பது நமக்குப் புதிதுமன்று. முற்காலத்தில் நம் பெண்மக்கள் பலர், அரபு எழுத்திலே தமிழை எழுதும் அரபுத்தமிழை வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டனர்.

அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ சென்று புத்தகக் கடையில் நிற்கும் தாய் தந்தையர், எதனைப் பார்த்து ஒரு பயிற்சி நூலைத் தெரிவு செய்வது? அட்டையின் வண்ணத்தை மறந்துவிட்டு, உள்ளே நான்கு காரியங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, எழுத்துக்களின் ஒழுங்கு. தமிழில் எழுத்துக்கள் 247. அகர வரிசை நாவுக்கு எளிது, கைக்கு எளிதன்று. அ, இ என்பன வளைவும் சுழியும் மிகுந்தவை. ட, ப போன்றவை நேர்கோடுகளால் ஆனவை. நேர்கோட்டில் தொடங்கி, வளைவுக்கும் சுழிக்கும் படிப்படியாகச் செல்லும் நூலே சின்னஞ்சிறு விரல்களுக்கு உகந்தது. எழுத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற் சீர்திருத்தப்பட்ட லை, னை, றா, னா முதலிய வடிவங்களே இன்று நம் பாடநூல்களிலும் வழங்குகின்றன. பழைய பதிப்பொன்றை வாங்கினால், பாடசாலையில் ஒரு வடிவமும் வீட்டில் வேறொரு வடிவமுமாகப் பிள்ளை மயங்கும்.

இரண்டாவது, ஒலி மயக்கம். நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. ஆகையால் வாழைப்பழத்தைப் பிள்ளை "வாளைப்பழம்" என்று எழுதினால் அது சோம்பலன்று, கேட்டபடியே எழுதியிருக்கிறது. வாளை கடலில் வாழும் மீன், வாழை தோட்டத்து மரம். கரை படகு வந்து சேருமிடம், கறை சட்டையிற் படிவது. இவ்வாறு பொருளோடு சேர்த்து வேறுபாட்டைக் காட்டும் நூல் சிறந்தது. சொல்லைப் பத்து முறை எழுதுக என்று மட்டும் கட்டளையிடும் நூல் கையை அலுக்கச் செய்யும், கருத்தைத் தொடாது.

மூன்றாவது, வெற்றிடம். இதனையே தலையாய சோதனையாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். நூலின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளை தன் சொந்த வாக்கியத்தை எழுதுவதற்குக் கோடுகள் விடப்பட்டுள்ளனவா? முதலில் ஒரு சொல், பின்பு ஒரு வாக்கியம், அப்பால் மூன்று வாக்கியம், இறுதியில் ஒரு பந்தி, ஒரு கடிதம் என அது ஏறிச் செல்கின்றதா? கடைசிப் பக்கத்திலும் கீறிட்ட இடமே காணப்பட்டால் அந்நூலை வைத்துவிடுங்கள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாட் தொகுப்புகள் கடைகளில் மிகுதியாக உண்டு. அவை பரீட்சைக்கு உதவும். ஆனால் எழுதக் கற்பிக்கும் நூலின் வேலையை அவை செய்யமாட்டா.

நான்காவது, நூலிற் காணும் உலகம். எங்கள் ஊருக்குப் புகையிரதம் வருவதில்லை. "என் புகையிரதப் பயணம்" என்று எழுதச் சொன்னால், அதனைக் காணாத பிள்ளை பிறர் சொல்லைத்தான் மனனஞ் செய்யும். அறுகம்பைக் கடலையும், வயல் வெட்டையும், லகுகலைக் காட்டு யானையையும் பற்றிக் கேட்டால் அதற்கு நூறு செய்தி உண்டு. எல்லா ஊருக்கும் ஏற்ற நூலை யாராலும் ஆக்க முடியாது. ஆயினும் "உன் ஊரில் நீ கண்டது" என்று இடம்விட்டுக் கேட்கும் நூல் எந்த ஊருக்கும் பொருந்தும்.

நூலை வாங்கியபின் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். எழுதுமுன் பிள்ளையை வாயாற் சொல்லச் சொல்லுங்கள். "மறுகா" என்று சொன்னால் தடுக்க வேண்டாம். அது நம் மண்ணின் சொல். எழுதும்போது அதனைப் "பின்னர்" என்று எழுதலாமென்று காட்டினாற் போதும். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளிற் சிவப்பு மையாற் கீறாதீர்கள். இன்று ழகரம், நாளை முற்றுப்புள்ளி என்று ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். விடைகளைத் தனிக் கொப்பியில் எழுதுவித்தால், அதே நூல் தம்பிக்கும் தங்கைக்கும் உதவும்.

அச்சிறுமியின் உம்மா மறுநாள் புதிய புத்தகம் எதையும் வாங்கவில்லை. "நேற்று வீட்டில நடந்தது என்ன? அத வாப்பாவுக்குச் சொல்லு" என்றார். சொன்னதை எழுதச் சொன்னார். ஆடு வேலி பாய்ந்ததும், தம்பி விழுந்ததும், மழை வந்ததுமாக மூன்று வரிகள் வந்தன. "மழை" என்பதை "மளை" என்றே எழுதியிருந்தாள். ஆயினும் அந்த மூன்று வரிகளும் அவளுடையவை. அத்தகைய மூன்று வரிகளுக்கு இடம் விட்டிருக்கும் நூலைத் தேடி வாங்குங்கள்.