காய்ச்சல் தணிந்த பின் கண்ணைக் கவனியுங்கள்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2006ஆம் ஆண்டில் சிக்குன்குனியா நம் மாநிலத்தில் பரவியபோது, மூட்டுவலியால் எழுந்து நடக்க இயலாது தவித்தவர்கள் பலர். ஆனால், அந்நோய் கண்ணையும் தாக்கும் என்பதை அறிந்தவர் சிலரே. அப்பரவலில் கண்ட கண் பாதிப்புகளை மதுரை, பெங்களூரு மருத்துவர்கள் 2007, 2008ஆம் ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் பதிவு செய்துள்ளனர்.

சிக்குன்குனியாவில் கண் பாதிப்பு பெரும்பாலும் காய்ச்சல் நீங்கிச் சில வாரங்கள் கழித்தே தோன்றுகிறது. கண்ணின் உட்படலம் அழற்சியுற்றால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும். கண்ணின் அழுத்தமும் உயரலாம். விழித்திரையோ பார்வை நரம்போ பாதிக்கப்பட்டால், வலியே இன்றியும் பார்வை குறையலாம்.

டெங்குவில், காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறையும் வேளையில் பார்வை மங்கலாம். விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கமோ இரத்தக் கசிவோ ஏற்படுவதால், பார்க்கும் பொருளின் நடுவே கரும்புள்ளி தெரியும். எழுத்துகள் கோணலாகத் தோன்றும். பலருக்கு இது நாளடைவில் சீராகிறது. சிலருக்குக் குறைபாடு நிலைத்துவிடுகிறது.

இதனைக் காய்ச்சலின் அசதி என்று விட்டுவிடுவதும், மெட்ராஸ் ஐ என எண்ணி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவதுமே பெரும் ஆபத்து. ஸ்டீராய்டு சொட்டு மருந்து, மருத்துவர் பரிசோதித்து அளித்தால் பயன் தரும். நாமே ஊற்றிக்கொண்டால் கண்ணின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையைப் பறிக்கவும் கூடும்.

ஆகவே, காய்ச்சல் கண்டவர்கள் அதன்பின் இரண்டு மூன்று மாதங்கள் வரை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படித்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் தாமதமின்றிக் கண் மருத்துவரை அணுகி, காய்ச்சல் வந்த நாளையும் கூறுங்கள்.

இக்கிருமிகளை அழிக்கத் தனி மருந்து இல்லை. கொசுவைத் தடுப்பதே வழி. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில் பெருகுகிறது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டுத் தொட்டிகளுக்கும் பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் தொட்டிக்கும் இது பொருந்தும். அத்தொட்டியில் கொசுப்புழு தின்னும் மீன்களை விடுவதும் நல்ல வழியாகும். இப்பொறுப்பை நம் இளைஞர்கள் ஏற்க வேண்டுகிறேன்.