கழக்கூட்டத்து டாலரும் போனக்காட்டு லயமும்

போனக்காட்டில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



இந்தக் கூட்டத்துக்கு முன்பு நம் இளைஞர்கள் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் வேலையை இங்கே செய்து கொடுப்பதால் நாடு வளர்கிறது என்கிறார்களே, அது மெய்யா என்பது ஒன்று. மெய்யென்றால் அந்த வளர்ச்சி கழக்கூட்டத்திலிருந்து இந்த மலை வரைக்கும் ஏன் ஏறி வரவில்லை என்பது மற்றது.

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுவோம். மெய்தான். அதை மறுப்பது நம் வேலை அல்ல.

அந்த வேலை எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் பில்களைச் சரிபார்க்க, கணக்கு எழுத, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுத ஆள் வேண்டும். அங்கே ஆள் வைத்தால் டாலரில் பெரிய சம்பளம். இங்கே ஆள் வைத்தால் அதில் ஒரு சிறு பங்கு போதும். அங்கே இரவு என்றால் இங்கே பகல். அவர்கள் உறங்கி எழுவதற்குள் வேலை முடிந்து கம்பி வழியே போய்விடுகிறது. கூலியாக வரும் டாலர் நம் நாட்டு வங்கிக்கு வருகிறது. ஊழியருக்கு ரூபாய் கிடைக்கிறது. அந்த டாலரைக் கொண்டு நாடு பெட்ரோலும் மருந்துச் சரக்கும் வாங்குகிறது.

இது நமக்குப் புதிய பாடமா தோழர்களே? இந்த மலையில் நம் பாட்டிமார் கிள்ளிய கொழுந்து என்ன செய்தது? பெட்டியில் அடைத்துக் கப்பல் ஏறிப் போய் அந்நியச் செலாவணியாகத்தானே திரும்பியது! சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவின் பெரிய ஏற்றுமதிகள் தேயிலையும் சணலும் துணியும்தான். அன்றைக்கு நாட்டின் உலையில் அரிசி போட்டவர்களில் நாமும் உண்டு. இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

அந்நியச் செலாவணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1991-இல் பார்த்தோம். சில வார இறக்குமதிக்கு மட்டுமே கையிருப்பு என்ற நிலையில் நாடு சுமார் 47 டன் தங்கத்தை வெளியே அனுப்பி அடகு வைத்தது. வீட்டில் தாலியை அடகுக் கடைக்கு அனுப்பிய தாய்மாருக்கு அந்த வலி புரியும். இன்றோ நிலை வேறு. 2023-24-இல் பொருள் வாணிபத்தில் நமக்கு விழுந்த துண்டு ஏறத்தாழ 24,000 கோடி டாலர். அதில் சுமார் 16,000 கோடி டாலரை ஈடுகட்டியது சேவை ஏற்றுமதி. அதில் பெரும்பங்கு கம்ப்யூட்டர் வேலை. மிச்சத்தை அடைத்ததில் வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் வேர்வை சிந்துகிற நம்மைப் போன்றவர்கள் அனுப்பும் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

கழக்கூட்டத்து டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. முதலாளி கட்டியதா? இல்லை. நாயனார் அரசு காலத்தில் கேரள அரசு போட்ட முதல். அதற்கு வித்திட்ட கே.பி.பி. நம்பியார், 1973-இல் அரசு தொடங்கிய கெல்ட்ரானைக் கட்டி எழுப்பியவர். நிலம் அரசு கொடுத்தது; கட்டடம், மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாம் அரசு முன்னின்று ஏற்பாடு செய்தது. மத்திய அரசோ மென்பொருள் ஏற்றுமதி லாபத்துக்கு 2011 மார்ச் வரை வருமான வரிச் சலுகை கொடுத்தது. 2023-24-இல் அந்தப் பூங்காவின் ஏற்றுமதி 13,255 கோடி ரூபாய். வேலை பார்ப்போர் எழுபதாயிரத்துக்கு மேல். நம் போன்றோரின் வரிப்பணம் விதைநெல்லாகப் போன வயல் அது.

நம் ரயில்வேயிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1978-இல் ஐபிஎம் கம்பெனி நாட்டைவிட்டுப் போனபோது அதன் இயந்திரங்களைப் பராமரித்தது சிஎம்சி என்னும் பொதுத்துறை நிறுவனம். அதே நிறுவனத்தின் பொறியாளர்கள்தான் 1985-இல் டில்லியில் ரயில் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதினார்கள். பெரிய பெரிய பேரேடுகளைப் புரட்டிப் பெயர் எழுதிய காலம் அதோடு முடியத் தொடங்கியது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று வங்கியிலும் இன்சூரன்ஸிலும் சங்கங்கள் கொடி பிடித்த காலமும் அதுதான். அந்த அச்சம் அறிவீனம் அல்ல. இயந்திரம் யார் கையில் என்ற கேள்வி அதற்குள் இருந்தது. சிஎம்சி 2001-இல் டாட்டாவுக்கு விற்கப்பட்டது.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். இந்த நாட்டில் உழைப்பவர்கள் ஐம்பது கோடிக்கு மேல். கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர்கள் ஐம்பத்தைந்து லட்சத்தை ஒட்டி. அதாவது நூறு பேருக்கு ஒருவர். அந்த ஒருவர் நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவுக்குக் கொண்டு வருகிறார். வளர்ச்சி இருக்கிறது, வாசல் குறுகல்! நெசவாலையோ தோட்டமோ எழுத்தறியாதவருக்கும் வேலை கொடுத்தது. இந்தத் தொழிலின் வாசலில் ஆங்கிலமும் பட்டமும் நிற்கின்றன.

வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கொஞ்சம் சிந்துகிறது, பொய் சொல்லக்கூடாது. ஆட்டோ, மெஸ், ஹாஸ்டல், கட்டட வேலை, செக்யூரிட்டி, கூட்டிப் பெருக்குதல். இந்த லயங்களில் தோட்டக் கூலியும் கிராஜுவிட்டியும் நிலுவையில் கிடக்க, ஆலை ஓடாமல் துருப்பிடிக்க, இறங்கிப் போன நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த வேலைதான் கஞ்சி ஊற்றுகிறது. ஆனால் அவர்கள் கம்பெனியின் ஆட்கள் அல்ல, கான்ட்ராக்டரின் ஆட்கள். சம்பளச் சீட்டு கேட்டால் முகம் சுளிப்பு. பி.எஃப். பிடித்தார்களா, கட்டினார்களா என்று தெரியாது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கான்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் போனால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது, இப்போதைய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்துக்காரர் கையை விரிக்க முடியாது. பழைய கங்காணி சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவர்களும் நிம்மதியாக இல்லை. புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பத்து ஆண்டுக்கு மேலாகப் பெரிதாக நகரவில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு வந்து எளிய வேலைகளை விழுங்குகிறது. அவர்களும் சங்கம் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், வரவேற்போம்.

ஆனால் நம் பிள்ளை அந்தக் குறுகிய வாசலில் நுழையவே கூடாதா? நகரத்துக்காரர்கள் பேய் பங்களாவைப் பார்க்கக் கேமராவோடு இங்கே ஏறி வருகிறார்கள். பக்கத்து லயத்தில் உயிரோடு இருப்பவர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. விதுராவில், நம் மலையடிவாரத்திலேயே, மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கோ விதுராவுக்கு இறங்க நேரத்துக்குப் பஸ் இருந்தாலே பெரிய காரியம்.

பஸ்ஸைவிடப் பெரிய முள் ஒன்று உண்டு. இன்ஜினீயரிங் கல்லூரியில் இடஒதுக்கீடும் உதவித்தொகையும் கிடைக்க, பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, குடும்பம் 1950-க்கு முன்பே இப்போதைய கேரள எல்லைக்குள் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பின்னால் வந்தவர் என்றால் பூர்வீக மாநிலத்துக்குப் போ என்கிறார்கள். அங்கே போனால், நீ கேரளத்துக்காரன் என்கிறார்கள். நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. அங்கிருந்து வந்தவர்கள் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது! மூன்று, நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் கொழுந்து கிள்ளியவர் வீட்டுப் பிள்ளை, ஒரு தாள் இல்லாததால் சீட்டை இழக்கிறது. பிறகு அதே பிள்ளை அதே கழக்கூட்டத்தில் வாயிற்காவலுக்கு நிற்கிறது. வளர்ச்சி நம்மை எட்டாததற்கு விலாசம் கேட்டீர்களே, அந்த விலாசங்களில் ஒன்று இது.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வோம். பாட்டன் பூட்டன் பெயர் உள்ள பழைய செக்ரோல், சர்வீஸ் சீட்டு, பி.எஃப். சீட்டு, பள்ளிச் சேர்க்கைத் தாள், மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவு, எது வீட்டில் இருந்தாலும் கரையான் தின்பதற்குள் எடுத்து உலர்த்தி, நெகிழி உறையில் வையுங்கள். கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் பிள்ளைகள் கடைசி ஆறு மாதச் சம்பளக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் தேதியும் தொகையும் போதும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு இதே இடத்தில் நகல் எடுத்துப் பட்டியல் போடுவோம். பட்டியலோடு தாலுகா ஆபீசுக்கும் லேபர் ஆபீசுக்கும் போக நாலு பேர் வேண்டும். இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். பெயர் கொடுப்பவர்கள் இப்போதே முன்னால் வாருங்கள்.