ஒரு பாணுக்கும் அதே விறகு, பன்னிரண்டு பாணுக்கும் அதே விறகு

(தோட்டத்தில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில், ஒரே லயத்தைச் சேர்ந்த ஆறு குடும்பங்களின் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு.)



நாங்கள் மேடையில பேசிப் பழகினவங்க இல்லை. எங்க லயத்துக்குப் பின்னால ஒரு விறகுப் போறணை கட்டியிருக்கிறோம். பார்த்துவிட்டுப் போனவர்கள் பலரும், "எப்படிக் கட்டினீங்க, நாங்களும் கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம். நாங்கள் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லுகிறோம். அதே பிழையை நீங்களும் செய்ய வேண்டாம் பாருங்க.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயு கிடைக்காமல் நாட்டில் எத்தனையோ பேக்கரிகள் மூடிக் கிடந்தன. மா விலை ஏறியது, பாண் விலையும் ஏறியது. அப்போதுதான் எங்களுக்கு இந்த யோசனை வந்தது. பாணும் போறணையும் நமக்குப் புதிதா? இரண்டு சொல்லுமே போர்த்துக்கீசர் விட்டுப் போனவை. அவர்கள் காலத்திலிருந்து இந்த நாட்டில் பாண் வெந்தது விறகில்தான்.

உடனே 250 செங்கல் சேர்த்தோம். பழைய சுவரை இடித்த கல்லும் அதில் இருந்தது. வீட்டுச் சுவர் கட்டுவது மாதிரியே சீமெந்தும் மணலும் குழைத்துக் கட்டினோம். கட்டி மூன்றாம் நாளே, ஆசை தாங்காமல் பெரிய நெருப்பாகப் போட்டோம். 'டப் டப்' என்று சத்தம் கேட்டது. மேல் வளைவில் கை நுழையுற அளவுக்கு வெடிப்பு. ஒரு மாதத்துப் பாடு அரை மணித்தியாலத்தில் போய்விட்டது.

காரணம் பிறகுதான் விளங்கியது. அடுப்புச் சூடு 400 பாகையைத் தாண்டும்போது சீமெந்து தன் பிடியை விட்டுவிடும். அதோடு கல்லுக்குள் ஈரமும் இருந்தது. தண்ணீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெளியே போக வழி இல்லாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டுதான் போகும்.

இரண்டாம் முறை கட்டியதுதான் இப்போது நிற்பது. அதைப் படிப்படியாகச் சொல்லுகிறோம்.

முதலில் இடம். நிலம் தோட்டத்துடையது, ஆகவே நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி எடுத்தோம். லயத்துக் கூரைக்குக் கீழேயோ, இஸ்தோப்பிலோ, குசினிக்குள்ளேயோ கட்டவே கூடாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதையும் கொண்டுபோவதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். மூடிய இடத்தில் தணல் புகை ஆளையே கொல்லும். தொங்கல் காம்பராவைத் தாண்டி, நல்ல வெளியில் கட்டினோம். இன்னொன்று: இடம் எடுப்பதற்காக மண்மேட்டை வெட்டாதீங்க. மழைக்காலத்தில் அந்த மேடு நம்ம தலையில்தான் சரியும்.

அடுத்தது அடித்தளம். கருங்கல்லால் இடுப்பு உயரத்துக்குச் சுற்றுச் சுவர் கட்டி, நடுவே கல்லும் மண்ணும் போட்டு இடித்து நிரப்பினோம். அதன் மேல் வெறும் போத்தல்களைப் படுக்கவைத்து, மரத்தூள் கலந்த களிமண்ணால் மூடினோம். சூடு கீழே இறங்கிப் போகாமல் போத்தலுக்குள் இருக்கிற காற்று தடுக்கும். அதற்கு மேல் 2 அங்குலம் மணல். மணல் மேல் செங்கல்லைச் சாந்து இல்லாமல் நெருக்கிப் பரப்பினால் அதுதான் தரை. ஒரு கல்கூட மேடாக நிற்கக் கூடாது. நின்றால் பாண் தட்டு ஒவ்வொரு தடவையும் அதில் இடிக்கும்.

இனி வளைவு. உள் அகலம் 3 அடி, உள் உயரம் 18 அங்குலம். ஈர மணலை அரைச் சிரட்டை கவிழ்த்தது போலக் குவித்து, மேலே நனைத்த பத்திரிகைத் தாள் ஒட்டி, அதன் மேல் அரைச் செங்கல்லாக வட்டம் வட்டமாக அடுக்கினோம். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லில் சாய்ந்து நிற்கும். உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி வைத்ததும் எல்லாம் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். உள்ளே கம்பி தேவையில்லை. ஆனால் வளைவு அடியில் வெளிப்பக்கமாகத் தள்ளும். ஆகவே கீழ் இரண்டு வரிசைக்கும் வெளியே கல் வைத்து முட்டுக் கொடுக்க வேணும்.

சாந்துக்குச் சீமெந்து வேண்டாம். புற்று மண் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சப்பென்று ஒட்டினால் தண்ணீர் கூட. உதிர்ந்து சிதறினால் தண்ணீர் குறை. உருண்டை கொஞ்சம் நசுங்கி, உடையாமல் கிடந்தால் சரியான பதம்.

வாசலின் உயரத்தில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது. உள் உயரம் 18 அங்குலம் என்றால் வாசல் 11 முதல் 11½ அங்குலம். வாசலின் கீழ்ப்பாதியால் குளிர்காற்று உள்ளே போகும், மேல்பாதியால் புகை வெளியே வரும். வாசல் உயர்ந்தால் சூடு ஓடிவிடும். தாழ்ந்தால் நெருப்பு மூச்சு முட்டி அணையும். புகைபோக்கியை வளைவின் உச்சியில் வைக்காதீங்க. சூடெல்லாம் அதாலேயே போய்விடும். வாசலுக்கு முன்னால், வெளியே வைக்க வேணும்.

சாந்து இறுகிய பின் வாசல் வழியாக மணலை வாரி எடுத்தோம். எடுக்கும்போது ஒருத்தரும் மூச்சு விடவில்லை. வளைவு அசையாமல் நின்றது!

இந்த முறை அவசரப்படவில்லை. மேலே தகரம் போட்டு, இரண்டு கிழமை நிழலிலேயே காயவிட்டோம். அதற்குப் பிறகு ஏழு நாள், நாளுக்கு ஒரு நெருப்பு. முதல் நாள் ஒரு கைப்பிடி மிலாறு மட்டும். மறுநாள் கொஞ்சம் கூட. இப்படியே ஏற்றினோம். மயிரிழை வெடிப்பு இரண்டு மூன்று வந்தது. அதே சாந்தால் பூசினோம். கடைசியாக, நறுக்கிய மானாப்புல்லைக் களிமண்ணில் குழைத்து 4 அங்குலம் தடிப்பாகப் போர்த்தினோம். அதுதான் போறணைக்குக் கம்பளி.

இனிச் சுடுகிற முறை. கவ்வாத்து மிலாறு சீக்கிரம் பற்றும், சீக்கிரம் அணையும். ஆகவே பற்றவைக்க மிலாறு, நின்று எரியக் காய்ந்த சவுக்கு விறகு. வர்ணம் பூசிய பலகையும் பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம். அந்த நஞ்சு பாணில் படியும். முதலில் உள்ளே கறுப்பாகக் கரி பிடிக்கும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அந்தக் கரி எரிந்து செங்கல் வெளுத்துத் தெரியும். சூடு போதும் என்பதற்கு அதுதான் அடையாளம். தணலை வெளியே இழுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, வாசலை அரை மணித்தியாலம் மூடிவைத்தால் சூடு சமப்படும். பிறகு ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவுங்கள். உடனே கருகினால் இன்னும் ஆறவேண்டும். ஆறுதலாகப் பத்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் பாணை வைக்கலாம்.

ஒரு கிலோ மாவில் 450 கிராம் பாண் மூன்று வரும். எங்கள் போறணை ஒரே தடவையில் 12 அச்சுப் பாண் கொள்ளும். அரை மணித்தியாலம் கடந்து எடுத்து, அடியில் தட்டினால் வெறும் பெட்டியில் தட்டுகிற சத்தம் வர வேணும். பாண் எடுத்த பின் பணிஸ், அதற்குப் பிறகு கச்சான் வறுக்கலாம். கடைசிச் சூட்டில் அடுத்த முறைக்கான விறகைக் காயவைக்கிறோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்தப் போறணை ஒரு வீட்டுக்கு நட்டம். அத்தனை கல்லும் சூடாகாமல் ஒரு பாண்கூட வேகாது. ஒரு பாணுக்கும் அதே விறகுதான், பன்னிரண்டு பாணுக்கும் அதே விறகுதான். தனி வீட்டுக்கு அடுப்பில் ரொட்டி சுடுவதுதான் இலாபம். தினச் சமையலுக்கும் இது உதவாது. ஆறு வீடு சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் மூட்டினால்தான் கணக்குச் சரிவரும்.

சேர்ந்தால் சண்டை வராதா? வந்தது. வீட்டுக்கு ஒரு கட்டு விறகு என்று பேசியிருந்தோம். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு அக்காவால் விறகு கொண்டுவர முடியவில்லை. "விறகு இல்லாட்டிப் பாண் இல்லை" என்று எங்களிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். அந்த அக்கா இரண்டு கிழமை இந்தப் பக்கமே வரவில்லை. எங்களுக்கு வாயில் வைத்த பாண் இறங்கவில்லை. பிறகு நாங்களே போய்க் கூப்பிட்டோம். விறகுக்குப் பதிலாக மா குழைக்கிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். இன்றைக்கு மாவின் பதம் பார்ப்பதில் அவருக்கு நிகர் எங்க லயத்தில் இல்லை. அவர் "சரி" என்று சொன்னால்தான் பாண் உள்ளே போகும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசல் தகரத்தில் சூடு இருப்பது வெளியே தெரியாது. எங்கள் சின்னவன் ஒருவன் கையை வைத்துவிட்டான். உடனே பீலித் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடித்தோம், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பற்பசை, மஞ்சள் எதுவும் பூசவில்லை. இப்போது மூட்டுகிற நாளில் ஒரு பெரியவர் வாசலை விட்டு நகரமாட்டார். இழுத்த தணலை இரும்பு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறோம்.

கட்ட விரும்புகிறவர்கள் செங்கல் தேடுவதற்கு முன்னால், கூட நிற்கிற ஆறு வீட்டைத் தேடுங்கள். ஞாயிறு காலையில் எங்கள் பக்கம் வாங்க, அளவுகளை நேரிலேயே காட்டுகிறோம். சூடாக ஒரு துண்டு பாணும் தருகிறோம்.