முதுசமும் தேடியதேட்டமும்



யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமாகிய தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியின்போது 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. குடும்பச் சொத்தை அது வகைப்படுத்திக் காட்டும். முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். கணவனும் மனைவியும் கூடி வாழுங்காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். காணிக்கும் வீட்டுக்கும் வகுத்த இப்பாகுபாடு மனிதனுடைய உடலுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்கிறது பிறப்புரிமையியல். ஆயினும், உடலென்னும் காணியில் இவ்விரண்டுக்குமிடையே வேலி அடைப்பது எளிதன்று.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. ஆனால் தாயிடமும் தந்தையிடமும் காணப்படாத ஒரு சாயல் பேரனிடத்தே தோன்றுவதும் உண்டு. “பாட்டனை உரித்து வைத்திருக்கிறான்” என்று அயலார் வியப்பர். இவ்வாறு ஒன்று மறைந்து மீண்டும் வெளிப்படுவதன் காரணத்தைக் கண்டவர் கிறகோர் மெண்டல் என்னும் துறவியார். அக்காலத்து ஒசுத்திரியப் பேரரசைச் சேர்ந்த புறூண் நகரில், மடத்துத் தோட்டத்திலே அவர் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். உருண்டை விதை தரும் இனத்தையும் சுருங்கிய விதை தரும் இனத்தையும் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அடுத்த தலைமுறையிலோ 5474 விதைகள் உருண்டை, 1850 விதைகள் சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் அழியவில்லை, ஒரு தலைமுறை ஒளிந்திருந்தது. இதனை அவர் 1865 இல் எடுத்துரைத்தார். உலகம் செவிசாய்க்கவில்லை. அவர் 1884 இல் மறைந்து, 1900 ஆம் ஆண்டிலேதான் அறிஞர் அதன் பெருமையை உணர்ந்தனர்.

மெண்டல் கண்டவற்றை இன்று பரம்பரையலகுகள் என்கிறோம். ஒவ்வோர் அலகிலும் பெரும்பாலும் இரு பிரதிகள் நம்மிடம் உள. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. சில அலகுகள் ஒரு பிரதியாலேயே தம்மைக் காட்டும்; சில, இரு பிரதிகளும் ஒத்தாலன்றி வெளிப்படா.

உடல் வலிமையிலும் இம்முதுசத்துக்குப் பங்குண்டு. பின்லாந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மன்திராந்தா 1964 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றவர். அவருடைய இரத்தத்தில் செங்குருதிக் கலங்கள் மிகுந்திருந்தமை கண்டு ஐயுற்றோரும் உண்டு. அவர் குடும்பத்தாரை ஆராய்ந்த விஞ்ஞானிகள், பரம்பரையலகு ஒன்றின் மாற்றமே அதற்குக் காரணமென 1993 இல் வெளியிட்டனர். மிகுந்த செங்கலங்கள் மிகுந்த ஒட்சிசனைத் தசைகளுக்குச் சுமந்து சென்றன. எனினும் அதே மாற்றத்தைப் பெற்ற உறவினர் பலர் பதக்கம் எதுவும் பெற்றிலர். முதுசம் கிடைத்தது பலருக்கு. பனியிலே ஆண்டாண்டாகப் பயின்று அதனைப் பயிர்செய்தவருக்கே வெற்றி விளைந்தது.

நோயிலும் இவ்வாறே. பினைல் கீற்றோனூரியா என்னும் பரம்பரைக் குறைபாட்டை நோர்வே வைத்தியர் போலிங் என்பார் 1934 இல் கண்டறிந்தார். இக்குறைபாடுடைய குழந்தையின் உடலில், புரத உணவின் ஒரு கூறு சிதைவுறாது தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்த சில நாள்களிலேயே இரத்தத்தைச் சோதித்து, அக்கூறு குறைந்த உணவை இடையறாது ஊட்டிவரின், அப்பிள்ளை ஏனைய பிள்ளைகளைப் போலக் கல்வி கற்று வாழும். பரம்பரையலகு மாறவில்லை, உணவு மாறியது, வாழ்வு மாறியது. “எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நீரிழிவு, எனக்கும் வந்தே தீரும்” என்று சோர்ந்திருப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். நீரிழிவுக்கு வித்தாகும் அலகுகள் பல. அவ்வித்துக்கு நீர் வார்ப்பவை மிகையுணவும் உடலுழைப்பின்மையுமே.

குணத்தையும் அறிவையும் பற்றியோ இன்னும் எச்சரிக்கையாகப் பேசுதல் வேண்டும். அவற்றைத் தனியே ஆளும் ஓர் அலகு இல்லை. மிகப்பல அலகுகளும், வீடும், பள்ளியும், பழக்கமும் கூடியே ஒருவனை உருவாக்குகின்றன. தந்தையின் குறையைச் சுட்டி, “இவனுடைய இரத்தமே அப்படி” என்று மகனைத் தள்ளிவைப்பதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

ஆயின், முதுசத்தைக் கணக்குப் பார்த்தே ஆகவேண்டிய இடமும் ஒன்றுண்டு. அது தலசீமியா. இலங்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் இந்நோயின் அலகை ஒரு பிரதியாகத் தாங்குகின்றனர். அவர்கள் நோயாளர் அல்லர். நம்மைப் போல் உலாவுகின்றனர். மலேரியா மலிந்த நாடுகளில் இவ்வலகு ஓரளவு காப்பாக நின்றமையாலேயே நிலைபெற்றது என்பர். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார தாபனம் சான்று வழங்கியது. நோய் போயிற்று, காவலுக்கு வந்த அலகு குடியிருக்கின்றது.

தாங்குவோர் இருவர் மணம் புரிந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோயுண்டாக நாலில் ஒரு வாய்ப்புண்டு. மூத்த பிள்ளை தப்பினால் இளைய பிள்ளைக்கு வருமென்றோ, ஒன்றுக்கு வந்தால் மற்றவை தப்புமென்றோ கருதற்க. கடுமையான தலசீமியா உற்ற குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதனை வெளியேற்ற வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். குருநாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்குப் பிள்ளையோடு மாதந்தோறும் செல்லும் பெற்றோர் இத்துயரை நன்கு அறிவர்.

உறவுக்குள் மணம் பேசும் நம் குடும்பங்களில் ஒரு சிறு கணக்கை மனங்கொள்ள வேண்டும். பேரனார் ஒருவர் இவ்வலகைத் தாங்கினால், அவர் மகனின் பிள்ளைக்கும் மகளின் பிள்ளைக்கும் அது வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அம்மச்சானும் மச்சாளும் ஒருங்கே தாங்குவோராயிருக்கப் பதினாறில் ஒரு வாய்ப்பு. உறவற்ற இருவரிடத்தோ அது ஏறக்குறைய இரண்டாயிரத்தைந்நூற்றில் ஒன்று.

இதனை அறிவதற்கு வேண்டியது சிறிதளவு இரத்தமே. தாங்குவோரின் செங்கலங்கள் அளவிற் சிறுத்திருக்கும். அவ்வாறு காணப்படின் மேலும் ஒரு சோதனையால் உறுதிசெய்யலாம். ஒருவர் மட்டும் தாங்குவோராயின் அம்மணத்துக்குத் தடையில்லை. பிள்ளைகளுக்குக் கடும் நோய் வராது. இருவரும் தாங்குவோராயின், முடிவெடுக்கு முன்னர் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் தகும். முடிவு அவ்விருவருடையதே. அறியாது செய்வதிலும் அறிந்து செய்வது நன்று. இது பெண்ணின் குறையுமன்று, பிள்ளையின் குறையுமன்று. மறைக்க வேண்டிய இழுக்குமன்று.

சம்பந்தம் பேசுவோர் இரு சாதகங்களையும் ஒப்பிட்டுப் பத்துப் பொருத்தம் பார்க்கின்றனர். காணி உறுதியைப் பலமுறை வாசிக்கின்றனர். அவற்றோடு இரத்தச் சோதனைத் தாள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பாராக. பெற்றோர் எதனை முதுசமாக அளிப்பதென்பது அவர் கையில் முழுவதும் இல்லை. ஆனால், தாம் எதனை அளிக்கக்கூடும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளும் அறிவு இக்காலத்தவரின் தேடியதேட்டம். அதனைப் பிள்ளைகளின் பொருட்டுப் பயன்படுத்துவது நம் கடமையாகும்.